கழுவித் திரும்ப ஏவ என்ன செலவு

1

போன வாரம் எனக்கு இந்தக் கம்பெனியில் பத்து வருஷம் நிறைந்தது. ஆபீசில் கேக் வெட்டினார்கள். கேக்கின் மேல் நீல க்ரீமில் எழுதியிருந்தது என் பெயர் இல்லை, என் நைனாவின் பெயர், அதாவது அப்பாவின் பெயர்.

இதில் யார் மேலும் குற்றம் இல்லை. ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையோர நாகலாபுரம் பள்ளிக்கூடத்தில் என்னை எம். தணிகாசலம் என்று சேர்த்தார்கள். அமெரிக்க விசா பாரத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. காலியாக விட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து, அதில் முனிரத்தினம் என்று நைனாவின் பெயரை நிரப்பிவிட்டேன். அன்றிலிருந்து பாங்க், ஆஸ்பத்திரி, ரோட்டில் மடக்குகிற போலீஸ்காரர் எல்லாருக்கும் நான் மிஸ்டர் முனிரத்தினம். பாதி ஆயுசை அடுத்தவர் நிலத்தில் கரும்பு வெட்டியே கழித்த என் நைனாவை ஊரில் ஒருத்தரும் மிஸ்டர் போட்டுக் கூப்பிட்டதில்லை. இங்கே தினம் நாலு பேராவது கூப்பிடுகிறார்கள். அதனால் நான் அதைத் திருத்தப் போவதில்லை.

மிச்சக் கேக்கை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மகள் பூர்ணிமாவுக்குப் பதினான்கு வயது. ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "அப்பா, நீ அங்க எக்ஸாக்ட்லி என்னதான் பண்றே?" என்று கேட்டாள். வாக்கியத்தில் தமிழ் எத்தனை பங்கு என்று எண்ணிப் பார்ப்பதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். கேட்டாளே என்பதே பெரிசு. எங்கள் வீட்டில் சாப்பிடத் தமிழ், என் மனைவி கோமதி திருப்பதிக்காரி என்பதால் திட்டத் தெலுங்கு, மற்றதெல்லாம் இங்கிலீஷ்.

"ராக்கெட்டுக்கு என்ன செலவு ஆகும்னு சொல்றவன்" என்றேன்.

"அவ்ளோதானா? செய்யறது இல்லியா?"

"இல்லை."

அவள் அடுத்த துண்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். நின்று கேட்டிருந்தால் சொல்ல என்னிடம் ஒரு கதை இருந்தது. இனி அவள் எப்போது கேட்பாளோ தெரியாது. நீங்கள் இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள், உங்களிடமே சொல்லிவிடுகிறேன்.

2

இங்கே வருவதற்கு முன், ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்துக்குப் பக்கத்துச் சூளூர்பேட்டையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் மூன்று வருஷம் இருந்தேன். ராக்கெட்டின் அடிப்பாகத்தைத் தாங்கி நிற்கிற இரும்புச் சட்டங்களை வெல்டிங் செய்து கொடுப்போம். ராக்கெட் கிளம்பினால் பக்கத்து ஓட்டலில் டம்ளர்கள் நடுங்கும். முதலாளி கையில் டீயோடு ரோட்டுக்கு ஓடுவார், நாங்கள் பின்னால் ஓடுவோம். திட எரிபொருள் அடைத்த அந்த அடிப்பாகம் கொஞ்ச நேரத்தில் எரிந்து தீர்ந்து கடலில் விழுந்துவிடும். விழுந்தால் விழுந்ததுதான். யாரும் தேடிப் போவதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஊரே கம்ப்யூட்டர் படிக்கக் கிளம்பியது. நானும் திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் ஆறு மாதம் ஏறி இறங்கினேன். அடுத்த வருஷம் விமானத்தில் உட்கார்ந்திருந்தேன். இங்கே முதலில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பழைய புரோகிராம்களைத் தட்டிக்கொட்டும் வேலை. இருபது மைல் தள்ளி ராக்கெட் தொழிற்சாலை இருந்தது. கிரீன் கார்டு இல்லாத வெளிநாட்டான் அதன் கேட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. கார்டுக்காக மூன்று முறை கைரேகை எடுத்தார்கள். வெல்டிங்கில் தேய்ந்த விரல்களில் ரேகை சரியாக விழவில்லை. அந்த அதிகாரி என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீ திருட்டுத் தொழிலுக்குப் போயிருக்கலாம்" என்றார்.

நாங்கள் குடியிருக்கிற நகரத்தில் தமிழ்ச் சங்கமும் உண்டு, தெலுங்குச் சங்கமும் உண்டு. தமிழ்ச் சங்கத்தில் நான் ஆந்திராக்காரன், தெலுங்குச் சங்கத்தில் அரவக்காரன், அதாவது தமிழன். இரண்டு பக்கமும் பொங்கல் சாப்பிடக் கூப்பிடுவார்கள் என்பதால் எனக்கு இதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

ஒருவழியாகக் கார்டு வந்து, தொழிற்சாலையின் செலவு மதிப்பீட்டுப் பிரிவில் சேர்ந்தேன். முதல் நாள் பார்த்ததை என்னால் நம்ப முடியவில்லை. கடலில் விழுந்த அடிப்பாகத்தைக் கப்பல் அனுப்பி இழுத்து வருகிறார்கள். துண்டு துண்டாகக் கழற்றி ரயிலில் ஏற்றி, நாட்டின் குறுக்கே இந்த வறண்ட மூலைக்குக் கொண்டுவருகிறார்கள். கழுவி, சோதித்து, மறுபடியும் எரிபொருள் அடைத்து அனுப்புகிறார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் செக்மெண்ட். எஃகுக் குழாய்தான், ஆனால் எங்கள் சத்தியவேடு பஸ்ஸை உள்ளே விடலாம், அவ்வளவு அகலம்.

கிழிந்த வேட்டியைக் கூடக் கரித்துணியாக்கி வைத்துக்கொள்கிற நாம் ராக்கெட்டைக் கடலில் விட்டுவிடுகிறோம். பேப்பர் தட்டில் தின்றுவிட்டு எறிகிற இவர்கள் ராக்கெட்டைக் கழுவிக் கவிழ்க்கிறார்கள். இதை நான் வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பேன். இப்போது நான் வாயைத் திறந்தாலே கோமதி எழுந்து காபி போடப் போய்விடுகிறாள்.

3

கழுவுகிற இடம் ஒரு நீளமான தகரக் கொட்டகை. அதன் பொறுப்பாளர் டோனா. ஐம்பதை நெருங்கிய பெண்மணி, மாட்டுப் பண்ணையில் வளர்ந்தவர், என்னைவிட அரை அடி உயரம். அவருக்குக் கீழே பதினோரு பேர். செக்மெண்டில் ஒட்டிய கடல் உப்பை நீக்க வேண்டும். உட்சுவரில் கருகிக் கிடக்கிற ரப்பர் பூச்சைத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தே பெயர்க்க வேண்டும். துருவைச் சுரண்ட வேண்டும். விரிசல் உண்டா என்று அங்குலம் அங்குலமாகப் பார்க்க வேண்டும். தண்ணீரில் மோதி விழுந்த வேகத்தில் வட்டம் நசுங்கியிருக்கிறதா என்றும் அளக்க வேண்டும்.

சேர்ந்த புதிதில் காண்டீனில் நான் தனியாகத்தான் உட்காருவேன். ஒரு நாள் டோனா எதிரில் வந்து உட்கார்ந்து, என் டப்பாவிலிருந்த எலுமிச்சை சாதத்தைக் கேட்காமலே ஒரு ஸ்பூன் எடுத்துத் தின்றார். அன்றிலிருந்து புதன்கிழமைகளில் கோமதி இரண்டு டப்பா கட்டுவாள். பதிலுக்குக் கோமதிக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் டோனாதான். அவர் பேசுவது டிவி இங்கிலீஷ் இல்லை, மாடு மேய்க்கிற இங்கிலீஷ். அதைப் புத்தகத் தமிழில் போட்டால் அவர் மாதிரியே இருக்காது. ஆகையால் எங்கள் ஊர்ப் பேச்சில் போடுகிறேன், நீங்களே சரிக்கட்டிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் வருஷம் ஒரு கேள்வி என் மேஜைக்கு வந்தது. இன்னும் பெரிய ராக்கெட் ஒன்று வரப்போகிறது. முற்றத்தில் பறந்து வந்த பழைய செக்மெண்டுகள் வரிசையாகக் கிடக்கின்றன. அவற்றை அந்தப் புது ராக்கெட்டுக்கு ஏற்றபடி மாற்ற முடியும். மூட்டு விளிம்புகளைக் கடைந்து, வேண்டாத கொக்கிகளை அறுத்து, உள்ளே கனமான புதுப் பூச்சுக் கொடுக்க வேண்டும். அப்படி மாற்றினால் என்ன செலவு, அடியோடு புதிதாகச் செய்தால் என்ன செலவு? எது குறைவோ அதுதான்.

புதிது என்று முடிவானால் பறந்ததைக் கடலிலேயே விட்டுவிடுவார்கள், கழுவுகிற வேலையே இல்லை. கொட்டகையை மூடிவிடுவார்கள், பன்னிரண்டு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். தொழிற்சாலை இருக்கிற ஊரில் அதை விட்டால் ஒரு பெட்ரோல் பங்க், இரண்டு சர்ச், மிச்சமெல்லாம் மாடு.

நாலு வாரம் உட்கார்ந்து கணக்கிட்டேன். எஃகு, ரயில், கடைசல், பூச்சு, பெயிண்ட், சோதனை மெஷின். பழையதை மாற்றுகிற செலவு புதிய செக்மெண்டின் செலவில் பாதிக்கும் கீழே வந்தது. மேலதிகாரிக்குச் சந்தோஷம். செய்தி கொட்டகைக்குப் போனதும் டோனா வந்து என் முதுகில் ஒரு அறை விட்டார். மூக்குக் கண்ணாடி கீபோர்டில் விழுந்தது.

4

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் ஊருக்குப் போன் போட்டேன். அங்கே ஞாயிறு காலை. நைனா அப்போது வீடு கட்டிக்கொண்டிருந்தார், முதன்முதலாகத் தன் பெயரில் வாங்கிய மனையில். புத்தூர் பக்கம் இடித்த ஒரு பழைய ரைஸ் மில்லிலிருந்து தேக்குக் கதவு, ஜன்னல், உத்தரம் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றி வந்து இறக்கியிருந்தார். தொழில் புத்தி என்னை விடவில்லை.

"மரத்துக்கு எவ்ளோ ஆச்சி நைனா?"

"மரத்துக்கா? ஊரிக்கே, சும்மாவே வந்துச்சிடா! இருக்கற எடத்த காலி பண்ணா போதும்னு மில்லுக்காரன் எத்துக்கினு போவச் சொல்ட்டான். லாரி வாடக மட்டுந்தான்."

"அறுக்கறது, இழைக்கறது?"

"ஆசாரி நாலு நாளு வந்தான். அவ்ளோதான். இதே புதுசா வாங்கினா இன்னா ஆவும் தெரியுமா?"

பின்னாலிருந்து அம்மாவின் குரல் பாய்ந்து வந்தது. "இன்னா அவ்ளோதான்? ஆணி யாரு புடுங்கனது?"

போன் கை மாறியது.

"டேய் தணிகா, ரெண்டு மாசமா நான் ஆணி புடுங்கிக்கினு கீறேன்டா. ஒரு கதவுக்கு நூறு ஆணி. பழய பெயிண்ட சொரண்டி சொரண்டி கை காச்சிப் பூட்ச்சி. மில்லு கதவு லாரி பூர்ற மாரி கீது, நம்ம வாசக்காலு ஆளு குனிஞ்சி பூர்ற மாரி கீது. அத அறுத்து, இத ஒட்டி, ஆசாரிக்கு மூணு வேள சோறாக்கிப் போட்டு... கள வெட்டப் போயிருந்தா கூலியாச்சும் வந்திருக்கும். ஒங்க நைனா கணக்கு லெக்கயில நான் கெடயவே கெடயாது."

"ஊட்டு மனுசிக்கி எவனாச்சும் கூலி எழுதுவானாடி?" என்றார் நைனா, தூரத்திலிருந்து.

நான் சிரித்தேன். பாதிச் சிரிப்பில் என் கணக்கு ஞாபகம் வந்தது. போனை வைத்துவிட்டு அட்டவணையைத் திறந்தேன். கொட்டகை ஆட்களின் உழைப்பு என்கிற வரிக்கு நேரே, என் கையாலேயே, சைபர் போட்டிருந்தேன்.

மறந்து போடவில்லை, யோசித்துத்தான் போட்டிருந்தேன். அவர்கள் எப்படியும் அங்கே இருக்கிறவர்கள், எப்படியும் சம்பளம் வாங்குகிறவர்கள், அதைத் தனியாக எதற்கு எழுதுவது என்று. இந்தத் தப்பை எங்கள் பிரிவில் வேறு ஒருத்தனும் செய்திருக்க மாட்டான். இந்த நாட்டில் குழாய் ரிப்பேர்காரர் வந்து கதவைத் தட்டினாலே அதற்கு ஒரு பில் உண்டு. வீட்டு ஆள் கைக்கு விலையே இல்லை என்கிற கணக்கு எங்கள் வீட்டில் நான் கற்ற கணக்கு. அதைக் கடல் தாண்டி பத்திரமாகக் கொண்டுவந்து ராக்கெட்டில் எழுதிவிட்டேன். மேலே இருக்கிற யாரும் கண்டுபிடிக்கவும் இல்லை. பிடித்த எண்ணை யார் தோண்டிப் பார்ப்பார்கள்?

5

திங்கட்கிழமை நேராகக் கொட்டகைக்குப் போனேன். டோனா தண்ணீர் பீய்ச்சுகிற கம்பியை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு வந்தார். நடந்ததைச் சொன்னேன். உங்கள் நேரத்தைச் சேர்த்தால் பழையது புதியதைவிடக் கூடிவிடலாம், கொட்டகைக்கு ஆபத்து என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. "ஒரு செக்மெண்டுக்கு எத்தனை மணி நேரம்னு நீங்க சொல்றதைத்தான் எழுதப் போறேன். கொஞ்சம் குறைவாச் சொன்னாலும் நான் கேள்வி கேட்க மாட்டேன்" என்றேன். அவருக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

டோனாவின் கழுத்து சிவந்துவிட்டது.

"இன்னா சொல்ற நீ? ஒரு செக்மெண்டுக்கு நாங்க நானூறு மணி நேரம் நின்னுக்கினு கீறோம். அத எரநூறுன்னு சொல்லச் சொல்றியா? அப்போ மீதி எரநூறு மணி நேரம் நாங்க இன்னா பண்ணோம், தூங்கிக்கினு இருந்தமா?"

அவருடைய ஆட்களில் ஒருவர், இரண்டு பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர், மெதுவாக, "டோனா, கொறச்சிதான் சொல்லேன். யாரு பாக்கப் போறாங்கோ?" என்றார்.

"நான் பாக்கறேன் இல்ல?" என்றார் டோனா.

பிறகு எனக்கு ஒரு ரப்பர் பூட்ஸைத் தூக்கிப் போட்டார். இரண்டு நாள் அவர் பக்கத்திலேயே நிற்க வைத்து, உப்பு கழுவுவதிலிருந்து கடைசி அளவு வரை எல்லாவற்றையும் எழுத வைத்தார். நான் சட்டையெல்லாம் நனைந்து வீட்டுக்குப் போனதைப் பார்த்து, ராக்கெட் கம்பெனியிலும் மாடு கழுவ விடுகிறார்களா என்று கோமதி தெலுங்கில் கேட்டாள். நேரத்தைச் சேர்த்துக் கூட்டினேன். பழைய செக்மெண்ட் புதியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது. இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன், இறங்கவில்லை.

"வேற ஏதாவது நான் விட்டிருக்கேனா?" என்று டோனாவிடம் கேட்டேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு, கழுவி முடித்த ஒரு செக்மெண்டின் விளிம்புக்கு அழைத்துப் போனார். மூட்டுச் சேருகிற இடத்தில் விரல் நீளத்துக்கு ஒரு கருகல்.

"இத பாரு. நெருப்பு இங்க வந்து எட்டிப் பாத்துட்டுப் போயிகீது. இன்னும் கொஞ்சம் வந்திருந்தா மூட்டே எரிஞ்சி பூட்டிருக்கும். பறந்து வந்தத தொறந்து பாத்ததால தெரிஞ்சிச்சி. புதுசு புதுசா பண்ணி கடல்ல வுட்டுக்கினே இருந்தா எவன் பாக்கறது?"

இதற்கு என் அட்டவணையில் வரி இல்லை. எவ்வளவு என்று எழுதுவது? நேராத விபத்துக்கு விலை போட எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை.

6

வெள்ளிக்கிழமை செலவுக் குழு கூடியது. டோனாவையும் கூப்பிடும்படி நான் கேட்டிருந்தேன். கொட்டகையின் பன்னிரண்டு வேலையும் அன்றைக்கு அந்த மேஜை மேல் கிடந்தது. குழுவின் தலைவர் ஒல்லியான மனிதர், அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

எழுந்து, முதல் மதிப்பீடு தவறு, தவறு என்னுடையது என்று சொன்னேன். ஒவ்வொரு வரியாகக் கூட்டிக் காட்டத் தொடங்கினேன். நான் படித்தது தெலுங்கு மீடியம். தமிழைப் பஸ் போர்டிலும் வாரப் பத்திரிகையிலும் கற்றவன். பதற்றம் வந்தால் கூட்டல் தெலுங்கில்தான் வரும். "நாலுகு, எனிமிதி" என்று முணுமுணுத்துக்கொண்டே போயிருக்கிறேன். அறையே என்னைப் பார்த்தது. தலைவர் மட்டும், "விடை இங்கிலீஷில் வந்தால் போதும்" என்றார்.

விடை வந்தது. தலைவர் டோனா பக்கம் திரும்பினார்.

"இந்த மணி நேரங்களைக் கொடுத்தது நீங்களா?"

"ஆமா."

"இந்த எண் உங்கள் கொட்டகையை மூடிவிடக்கூடும். அது தெரிந்துதான் கொடுத்தீர்களா?"

"தெரியும். இவருகூட கொறச்சிச் சொல்லச் சொன்னாரு. நான்தான் மாட்டேன்னுட்டேன்."

மேஜைக்கு அடியில் புகுந்துகொள்ளலாமா என்று இருந்தது எனக்கு. வேலை போகும், போகட்டும், பெட்ரோல் பங்கில் கேட்டுப் பார்க்கலாம் என்று மனசு அதற்குள் இருபது மைல் ஓடிவிட்டது. தலைவர் என்னை ஒரு தரம் பார்த்தார், பிறகு மறுபடி டோனாவைப் பார்த்தார். "வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று கேட்டார்.

டோனா கருகலைப் பற்றிச் சொன்னார். இத்தனை வருஷத்தில் திறந்து பார்த்ததில் என்னென்ன கண்டார்கள், எந்தெந்த மூட்டை அதனால் மாற்றிச் செய்தார்கள் என்று ஒரு காகிதமும் இல்லாமல் சொல்லிக்கொண்டே போனார். புதிய எஃகு வாங்குகிற பிரிவின் ஆள் ஒருவர் குறுக்கே வந்து, "கொட்டகைக்காரர் கொட்டகை வேண்டும் என்றுதானே சொல்வார்?" என்றார்.

"அப்படிச் சொல்கிறவராக இருந்தால் மணி நேரத்தைக் குறைத்துச் சொல்லியிருப்பார்" என்றார் தலைவர். "தனக்குக் கெடுதலான எண்ணைச் சரியாகச் சொன்னவர் இதையும் சரியாகத்தான் சொல்வார். முற்றத்தில் கிடக்கிற செக்மெண்டுகள் தீரும் வரை அவற்றையே மாற்றிப் பயன்படுத்துவோம். கூடுதலாக வருகிறதை, 'திறந்து பார்க்கிற செலவு' என்று தனி வரியில் எழுதுங்கள்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்க அட்டவணையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். என்னைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதுவே பெரிய கருணை என்று எடுத்துக்கொண்டேன்.

டோனா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "முடிஞ்சிச்சி இல்ல? நான் போறேன். அங்க பதினோரு பேரு ஏழாம் நம்பர் செக்மெண்ட தொறந்து போட்டுக்கினு எனக்கோசரம் நிக்கறாங்கோ."

வாசல் வரை போனவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"தணி, நான் இங்க வந்து ஒக்காந்துக்கினு இருந்த நேரத்தையும் அந்த ஏழாம் நம்பர்ல எழுது. சைபர் போட்டே, பூட்ஸாலயே அடிப்பேன்."

எழுதினேன். ஒரு மணி இருபது நிமிஷம்.